ஹீட்டரின் புகை

உய்பான் தன் பழைய லாரியை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது சர்கிலானா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே மைனஸ் ஐம்பத்திரண்டு டிகிரி குளிர். மூன்று வருடமாக அவள் வாசலை மிதிக்காதவன் இன்று வந்திருக்கிறான் என்றால், அதற்குக் காரணம், இன்ஜின் நின்ற பிறகும் தனியே டீசலை எரித்து வண்டியைச் சூடாக வைக்கும் இன்ஜின் ஹீட்டரை மாட்டத் தெரிந்தவள் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

"தங்கச்சி, மீன் கொண்டாந்திருக்கேன்."

"தங்கச்சின்னு கூப்பிட்டா ஸ்பேனர்தான் பதில் சொல்லும். மீனைக் கொண்டுபோய் நாய்க்குப் போடு."

முடியாது என்று விரட்டியிருக்கலாம். அல்லது ஹீட்டர் குழாயை இறுக்கும் ஹோஸ் கிளாம்ப் ஒன்றைத் தளர்வாக விட்டால் போதும், மிச்ச வேலையைக் குளிர் பார்த்துக்கொள்ளும். அந்த நினைப்பு அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

மூன்று வருடத்துக்கு முன் அவள் புருஷன் எல்லேயின் லாரி, உறைந்த ஆற்றின் மேல் போகும் பனிச்சாலையில் இன்ஜின் பழுதாகி நின்றது. ஹீட்டரைப் போட்டுவிட்டு, எவனாவது வருவான் என்று படுத்தவன் அசந்து தூங்கிவிட்டான். அன்று அந்த வழியே போன ஒரே லாரி உய்பானுடையது. பனிச்சாலையில் நின்ற வண்டியைத் தாண்டிப் போவது கொலைக்குச் சமம். உய்பான் தாண்டிப் போனான். பேட்டரி தீர்ந்து ஹீட்டர் அணைந்தது. எல்லேய் எழுந்திருக்கவே இல்லை.

"வண்டிக்குப் பின்னாடி புகை வந்துச்சு," என்றான் உய்பான். "இன்ஜின் ஓடுது, ஆளு தூங்குறான்னு நெனச்சேன். புகை வந்தா எழுப்ப மாட்டோமே, உனக்குத் தெரியாதா?"

"எத்தனை வருஷம் இதையே ஒப்பிப்பே?"

"அது இன்ஜின் புகை இல்ல. நீ மாட்டுன ஹீட்டரோட புகை."

ஸ்பேனர் பறந்து சுவரில் மோதியது. அவளே போய் அதை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் புகுந்தாள். நான்கு மணி நேரம் வேலை நடந்தது. ஒவ்வொரு கிளாம்ப்பையும் இரண்டு முறை முடுக்கினாள்.

கடைசியில் ஹீட்டரின் புகைக்குழாய். வழக்கமாக அதைப் பின்னால் கொண்டுபோய், இன்ஜின் புகை வெளியேறும் சைலன்சரோடு சேர்த்துக் கட்டுவாள். பார்க்க லட்சணமாக இருக்கும் என்று அவளுக்குப் பெருமை. இன்று முன்பக்கம் இழுத்து, கேபினுக்குள் புகை ஏறாதபடி பம்பருக்கு அடியில் வளைத்துவிட்டாள்.

உய்பான் குனிந்து பார்த்தான். "எல்லேய் வண்டியில பின்னாடிதானே விட்டிருந்தே?"

"ஆமா."

"இதுல மட்டும் ஏன் முன்னாடி?"

"முன்னாடி மட்டும் புகைஞ்சா இன்ஜின் நின்னு கெடக்குன்னு தூரத்துலயே தெரியும். வர்றவன் நிப்பான்."

அவன் தொப்பியைக் கழற்றினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதே. உன்னைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது," என்றாள் அவள். "என் ஹீட்டர் ஓடுற வண்டி இன்னும் பதினாலு இருக்கு. எல்லாத்தையும் இங்க வரச் சொல்லு."

"எதுக்குன்னு கேட்டா?"

சர்கிலானா கையைத் துணியில் துடைத்தாள்.

"நான் தப்பா மாட்டிட்டேன்னு சொல்லு."