ஓரிரு இடங்களில்

1

இந்தக் கதை ஒரு துணிக்கொடியில் பிறந்தது. சிரிக்காதீர்கள். துவைத்ததைக் காயப்போடலாமா வேண்டாமா என்று பார்க்க வானிலை அறிக்கையைத் திறந்தேன். "ஓரிரு இடங்களில் பலத்த இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்றிருந்தது. வாளியும் கையுமாக நின்றுவிட்டேன். ஓரிரு இடம் என்றால் எந்த இடம்? அங்கே இருப்பவருக்கு, தாம் அங்கேதான் இருக்கிறோம் என்று தெரியுமா? துணிகள் காய்ந்துவிட்டன. பக்கத்துத் தெருவில் கொட்டித் தீர்த்ததாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வானம் கருகருவென்று இருட்டிக்கொண்டு வந்தது. காற்று அவள் கூந்தலை

[அடித்துவிட்டேன். அவள் வேலை பார்ப்பது வானிலை அலுவலகத்தில். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. கூந்தல் எங்கே பறப்பது?]

சரி, மறுபடியும். திங்கட்கிழமை காலை. அவள் வாரத்துக்கான அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தாள். புதன்வரை தகராறில்லை, வெயிலும் புழுக்கமும்தான். வியாழனுக்கு வந்ததும் கை நின்றது. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடும் ஈரமும். இடிமேகம் கட்டுவதற்கு வேண்டிய எல்லாம் திரையில் தெரிந்தது. எங்கே கட்டும் என்பது மட்டும் தெரியவில்லை. "ஓரிரு இடங்களில்" என்று போடுவதா, "பல இடங்களில்" என்று போடுவதா?

3

ஒரு வார்த்தைக்கா இத்தனை பாடு என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் அவளுக்கு ஒரு தம்பியைக் கொடுத்தேன். கட்டி முடியாத கட்டடத்தின் தலைக்கு மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவன். அவனுடைய மேலாளர் ஒரு விதி வைத்திருக்கிறார். அறிக்கையில் "பல" என்று வந்தால் அன்று கிரேனில் யாரும் ஏறக் கூடாது. "ஓரிரு" என்றால் ஏறலாம்.*

அவள் இதுவரை இரண்டு முறை "பல" என்று எழுதியிருக்கிறாள். இரண்டு முறையும் துடைத்துவிட்ட மாதிரி வானம். கட்டடத்தில் அவளுக்கு 'இடியம்மா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை சும்மா போனால் அறிக்கை பக்கமே திரும்ப மாட்டேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதன்பிறகு எந்த இடிக்கும் கிரேன் நிற்காது.

* நடுவில் "சில" என்று ஒன்று உண்டே? உண்டு. அவளும் நைசாக எழுதிப் பார்த்தாள். "சிலன்னா ஓரிருவுக்கு அண்ணன், அவ்வளவுதானே!" என்று மேலாளர் கிரேனை ஓட்டச் சொல்லிவிட்டார்.

4

டீ இடைவேளையில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, வியாழக்கிழமை எப்படி?"

"சாயங்காலம் அறிக்கை வரும். எல்லாரையும் மாதிரி பாத்துக்கோ."

"எல்லாரும் தரையில இருக்காங்க. நான் மேல இருக்கேன்."

"மேகம் கட்டலாம். கட்டாமலும் போகலாம்டா."

"இதுக்குத்தான் ராப்பகலா படிச்சியா?" என்று சிரித்தான். "சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ஓரிரு இடத்துல நான் இருக்கேனா?"

அவள் அதட்டினாள்.

"பேசாம அன்னைக்கு லீவு போடு."

"நான் லீவு போட்டா வேற ஒருத்தன் ஏறுவான். அவனுக்கு இப்படி ஒரு அக்கா இல்லையே."

[இந்தப் பதிலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. தம்பியை வீட்டில் உட்காரவைத்துக் கதையைச் சுமுகமாக முடித்துவிடலாம் என்றிருந்தேன். கெடுத்துவிட்டான்.]

5

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். "பல" என்று போடுகிறாள், ஆளில்லாத கூண்டின் மேல் இடி விழுகிறது, எல்லாரும் அவளைக் கொண்டாடுகிறார்கள். படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இடியை விழவைத்தது நான்தானே? இன்னொன்றில் "ஓரிரு" என்று போடுகிறாள், வியாழன் காலை தம்பி ஏணியில் ஏறுகிறான், மேற்கே

[முடியவில்லை. அவனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.]

என் கதையில் மேகத்தை நான் கட்டுவேன், கலைப்பேன். அவளுக்கு அந்த வசதி கிடையாது. வியாழனை முதலில் பார்த்துவிட்டு வந்து திங்களை எழுதினால் அது போங்காட்டம். ஆகவே கதை திங்கட்கிழமை சாயங்காலத்தோடு நிற்கிறது.

"ஆச்சாம்மா?" என்று கேட்கிறார் மேலதிகாரி.

"ஒரே ஒரு வார்த்தை சார்."

பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பியிருப்பீர்கள். தெரியாவிட்டால் பக்கத்தில் எட்டிப் பார்த்திருப்பீர்கள். இங்கே எட்டிப் பார்க்க ஜன்னல்கூட இல்லை. தம்பி போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அக்கா இல்லாத அந்த இன்னொருத்தனும் எங்கேயோ இருக்கிறான். பேனாவை எடுங்கள்.

வியாழன்: ____________ இடங்களில் பலத்த இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.