என் சன்னல்ல ஒண்ணு கொறையுது

சாஜிதா ஏற்காட்டுக்கு மருமகளாக வந்து ஒன்றரை வருஷம் ஆகியும், மாமனார் பஷீர் அகமது அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் இல்லை, கூச்சம்தான். ஏரி ரோட்டில் மிளகும் காப்பித்தூளும் விற்கிற கடை அவருடையது. வருகிற போகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் வந்து மருமகளைக் கண்டுவிட்டால் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

"சாப்புட்டுச்சான்னு கேளு" என்பார் மனைவி சலீமாவிடம். சாஜிதா அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பாள்.

"சாப்புட்டேன்னு சொல்லுங்க மாமி" என்பாள் அவளும்.

சலீமா இரண்டு பேரையும் ஒருமுறை முறைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மருமகளின் வேலை என்னவென்றும் அவருக்குப் பிடிபடவில்லை. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலைங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார். அவள் ஆன்லைன் விளையாட்டு ஒன்றுக்குப் புதிர் செய்கிறவள். கம்பெனி கோயமுத்தூரில் இருக்கிறது, அவளுக்கு மாடியறைதான் ஆபீஸ். எங்கெங்கோ இருக்கிறவர்கள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு அது.

அந்த மாதத்துக்கு அவள் செய்திருந்தது ஒரு வானப் புதிர். கடல் நடுவே ஒரு கோட்டை. கோட்டைக்குள் வரிசையாக நான்கு அறைகள், அறைக்கு ஒரு சன்னல். வானத்தை நாலு பங்கு போட்டு ஆளுக்கொரு பங்குதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நாலு பேரும் பேசிக்கொள்ளலாம். மணி ஒருமுறை அடித்தால் சில இரவுகள் கழிந்ததாகக் கணக்கு. நட்சத்திரங்களெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்க, ஒன்று மட்டும் மெல்ல நகர்ந்து ஒருவர் சன்னலிலிருந்து பக்கத்துச் சன்னலுக்குப் போகும். அதுதான் கிரகம். கடைசி மணிக்குள் அதைப் பிடித்தால் கோட்டைக் கதவு திறக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் கிரகம் கிளம்பும் இடம் மாறும். செய்தவளுக்கே விடை தெரியாது.

கம்பெனியில் ஆடிப் பார்த்த ஒரு குழுவும் கதவைத் திறக்கவில்லை. அவளுடைய மேலாளர் கமலக்கண்ணன் போனில் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"நல்ல யோசனைதாங்க சாஜிதா. ஆனா ஆடறவங்க வாயவே தெறக்க மாட்டேங்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இந்தத் தடவைக்கு விட்றலாமுங்க."

அவள் குறிப்புகளைக் கூட்டினாள். ஆட்டத் தொடக்கத்தில் ஆடுகிறவர்களுக்குக் காட்ட, ரோகிணி, மகம், சுவாதி, கேட்டை என்று பெயர் போட்ட நட்சத்திரப் படத்தை ஆசை ஆசையாக வரைந்து வைத்திருந்தாள். அதையும் இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றும் சரிப்படவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. கணவன் ஹாரிஸ் மாடிக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்மூட்ல நாலு பேரு இருக்கோம்ல? ஆடிப் பாக்கலாம்" என்றான்.

"மாமாவுமா? இதுல பேசறதுதான் ஆட்டமே. அவரு எங்கிட்ட எங்க பேசறாரு?"

"உங்க கம்பெனி ஆளுங்க மட்டும் பேசிட்டாங்களாக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒருவர் போனை ஒருவர் எட்டிப் பார்க்கக்கூடாதென்று ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். ஹாரிஸ் கடையில், சலீமா அடுப்படியில், பஷீர் அகமது கட்டிலில், சாஜிதா மாடியில். முதல் மணி அடித்தது.

"ஹாரிஸு, ஒரு படம் வருது. எழுத்து பொடிப்பொடியா இருக்குது, ஒண்ணும் புரியலப்பா" என்று மாமனார் குரல் காதில் கேட்டது.

"தள்ளி உட்ருங்கத்தா. சன்னலப் பாருங்க."

நாள்கணக்கில் வரைந்த படம் ஒரே தள்ளில் போனது. சாஜிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு முறுக்கு தெரியுது, பாதி ஒடஞ்ச முறுக்கு" என்றாள் சலீமா, நட்சத்திரங்களைச் சேர்த்துப் பார்த்து.

"எனக்கு டீக்கடை பாய்லரும்மா" என்றான் ஹாரிஸ்.

"எனக்கு நம்ம மல ரோடு" என்றார் பஷீர் அகமது. குரலில் உற்சாகம் ஏறியிருந்தது. "கொண்டை ஊசி வளைவு அப்படியே இருக்குது. மேல் வளைவுகிட்ட பெருசா ஒரு பஸ்ஸு நிக்குது."

மணி அடித்தது.

"டேய், பஸ்ஸு நவுந்துருச்சுடா!"

மறுபடி மணி.

"பஸ்ஸக் காணோம்! என் சன்னல்ல ஒண்ணு கொறையுது. சலீமா, உனக்கு வந்துச்சா?"

"என் முறுக்கு முறுக்காவேதான் இருக்குது."

"ஹாரிஸு?"

"இங்க இல்லத்தா."

மிச்சம் ஒரு சன்னல்தான். போனில் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி மணிக்கு முந்தைய மணியும் அடித்துவிட்டது.

"கண்ணு! சாஜிதா! உங்கிட்டத்தான் வந்திருக்கோணும். ஓரமாப் பாரு! தூங்கறயா?"

மாமனார் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தவள் அப்போதுதான் தன் சன்னலைப் பார்த்தாள். சன்னலின் ஓரத்தில், மின்னாமல் நிதானமாக நின்றது ஒரு வெளிச்சம்.

"இருக்குது மாமா! உங்க பஸ்ஸு எங்கிட்ட வந்துருச்சு!"

"புடி, புடி! உட்றாத!"

கதவு திறந்தது. அடுப்படியில் சலீமா கை தட்டினாள். கடையில் ஹாரிஸ் விசிலடித்தான். கட்டில் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது.

"சலீமா, அது டீ குடிக்குமான்னு கேளு."

"நீங்களே கேளுங்க. இவ்வளவு நேரம் நானா கேட்டுச் சொன்னேன்?"

இன்னொரு செருமல். "டீ குடிக்கறயா கண்ணு?"

"குடிக்கறேன் மாமா" என்றாள் சாஜிதா. போனைப் பிடித்தபடியே படியிறங்கினாள்.

டீயை ஆறவிட்டுவிட்டு அன்றைக்கே புதிரைப் பிரித்தாள். ஆட வந்தவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் அவளுடைய படம்தான். ஒவ்வொருவரும் சரியான பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அதற்குள் மணி அடித்துவிட்டது. படத்தை எடுத்துவிட்டாள். விரலால் கோடு இழுத்து, பிடித்த பெயரை அவரவரே எழுதிக்கொள்ளலாம் என்று மாற்றினாள். பழைய பெயர்களை அடியோடு தூக்கிப்போட மனசு வரவில்லை. கதவு திறந்த பிறகு, வைத்த பெயருக்குப் பக்கத்தில் முன்னோர் வைத்த பெயர் தெரியும்படி செய்தாள். முறுக்குக்குப் பக்கத்தில் மகம். மல ரோட்டுக்குப் பக்கத்தில் கேட்டை.

"பேரே இல்லாத வானமாங்க?" என்று இழுத்தார் கமலக்கண்ணன்.

"ஆடறவங்க வெச்சுக்குவாங்க சார்."

திங்கட்கிழமை ஆடிய குழுக்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு கத்தின. பாதிக் குழுக்கள் கதவைத் திறந்தன. கமலக்கண்ணன் பாராட்டெல்லாம் சொல்லவில்லை. தானே இரண்டு முறை ஆடியதாகவும், இரண்டு முறையும் தோற்றதாகவும் சொன்னார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

புதிர் வெளியானதும் எங்கெங்கிருந்தோ பெயர்கள் வந்து விழுந்தன. ஒருவருக்கு வழுக்கைத் தலை, ஒருவருக்குக் கிழிந்த வலை, யாழ்ப்பாணத்திலிருந்து ஆடிய பெண்ணுக்குத் தம்பியின் காது. பஷீர் அகமது கடையில் உட்கார்ந்தபடியே தெரியாத ஆட்களோடு ஆடினார். காப்பித்தூள் வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்கள்.

"என்ற மருமக செஞ்சதுங்க. வானத்தையே செஞ்சு வெச்சிருக்குது. ஒரு நிமிஷம் நில்லுங்க, கெரகம் தப்பிச்சுரும்."

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் இட்லித் தட்டோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏங் கண்ணு, இது நொம்ப சுலுவா இருக்குது. நடுவுல நடுவுல மேகம் வந்து மறைச்சா என்ன?"

"ஆடறவங்க திட்டுவாங்க மாமா."

"திட்டட்டும்! இங்க தெனமும் மேகத்துக்குள்ளதான இருக்கறோம், யாரத் திட்டறோம்?"

"அப்போ மணியக் கூட்டோணும்."

"மணியத் தொடாத!"

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சலீமா சட்னிக் கிண்ணத்தை நடுவில் வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள்.

"ஹாரிஸு, இன்னைக்குக் கடைய நீதான் தெறக்கோணும் போலிருக்குது" என்றாள்.