சோகையை வேகவைத்தவர்

விறகை வெட்டுவார்கள், எரிப்பார்கள், சமயத்தில் திருடவும் செய்வார்கள். வேகவைக்கிற மனுசரை எனக்குத்தான் கட்டிவைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் ராஜபாளையத்தில் பஞ்சாலை ஃபிட்டர். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பு. இருபது வருஷம் புளிய விறகுப் புகையைக் குடித்ததில், ஒரு சட்டி இறக்குவதற்குள் நூற்றுப் பத்து தடவை இருமுவேன். நானா எண்ணினேன்? அவர் எண்ணிச் சொன்னது. எண்பத்தொன்பதாம் வருஷம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், தீபாவளியோடு அடுப்பை விட்டுவிட வேண்டும் என்று. என் கொழுந்தன் வைகுண்டராஜ் எடுத்து நடத்துவதாகப் பேச்சு. அந்த அடுப்பு இல்லாமல் நான் யார்?

அந்த நேரம் பார்த்து இவர், மில்லில் கழித்துப்போட்ட நீராவிக் குழாயை வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, போல்ட் முறுக்கி, மகாராஜபுரத்தில் எங்கள் கரும்பு வயலில் வைத்தார். கரும்பின் ஈரச் சோகையை, அதாவது இலையை, நறுக்கித் திணித்து, தண்ணீர் ஊற்றி இறுக மூடி, வெளியே காய்ந்த சோகையால் தீ மூட்டினார்.

"எரிக்கிற சாமானைத் தண்ணியில போட்டு யாராவது வேகவைப்பாவளா?"

"குக்கர் மாதிரிதான் ஏட்டி. சூடும் அழுத்தமும் சேந்தா சோகை கரியாயிரும். பொகையுற சங்கதியெல்லாம் தண்ணியில எறங்கிரும். பெறவு ஒன் அடுப்புல பொகையே வராது."

"உப்புப் போட்டாச்சா?"

மறுநாள் திறந்தால் கறுப்புச் சேறு. அதை உருண்டை பிடித்து மாடியில் காயவைத்தார். எள்ளுருண்டை என்று நினைத்து வைகுண்டராஜ் ஒன்றைக் கடித்துவிட்டான். பல் வெளுக்க மூன்று நாள் ஆனது. கோபம் வெளுக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தக் கரி உருண்டைக்குப் பரீட்சை. "சட்டி நல்லா வந்தா அடுப்பு மதினிக்கு, தீஞ்சா எனக்கு" என்று எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான் வைகுண்டராஜ். பத்து லிட்டர் பால் ஏற்றினேன். கரி சிவந்து நின்று எரிந்தது. பால் சுண்டியது, சீனி போட்டேன், இறுகத் தொடங்கியது. இந்தப் பதத்தில் தீயைத் தணிக்க வேண்டும். கைப்பழக்கத்தில் விறகை வெளியே இழுக்கக் குனிந்தேன். இழுக்க என்ன இருக்கிறது? உள்ளே எல்லாம் உருண்டை!

"அடி பிடிக்கப்போவுது, தீயைக் குறைங்க!" என்றேன் இவரிடம்.

குழாய்க்கு எட்டு போல்ட் யோசித்த மனுசர் இதை யோசிக்கவில்லை.

"தீ எறங்கலேன்னா சட்டியை ஏத்துங்க!" என்று கத்தினேன். துணி சுற்றிய கையோடு அவர் சட்டியின் ஒரு காதைப் பிடித்தார். பதற்றத்தில் வைகுண்டராஜும், தான் எதிராளி என்பதையே மறந்து, துண்டால் மறுகாதைப் பிடித்துத் தூக்கிவிட்டான். நான் அடுப்பு விளிம்பில் மூன்று செங்கலை வைத்தேன். சட்டி உயர்ந்தது, பால் பிழைத்தது.

இறக்கியதும் வைகுண்டராஜ் ஒரு வாய் போட்டுப் பார்த்தான்.

"ருசியெல்லாம் சரி மதினி. பொகை வாசம் இல்லியே, வாங்குறவிய கேப்பாவளே?"

"பொகை வேணும்கிறவிய பீடியப் பத்தவச்சுக்கிட்டுத் தின்னட்டும்."

சிரித்துவிட்டான். "அடுப்ப நீங்களே வச்சுக்கிடுங்க, தாயி."

இவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எத்தனை இருமல்?" என்றேன்.

"ரெண்டு. அதுவும் நீ கத்துனதுல வந்தது."

என் கண் கலங்கிவிட்டது. பழியைப் போட அன்றைக்குப் புகையும் இல்லை.