பார்வையிட்டவர் கையொப்பம்

"உம்ம மவனுக்கு மேலப்பாளையத்துல அப்படி என்ன சோலி வே?"

காந்திமதிநாதன் இதைக் கேட்டது பாளையங்கோட்டைக் கடைத்தெருவில், நாலு பேர் காதில் விழும்படி. கோர்ட்டுக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். பெண் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் வேறு. இன்னும் பத்து நாளில் அந்த வீட்டு ஹெப்சிபாவுக்கும் அப்பாத்துரையின் ஒரே மகன் பாக்கியசீலனுக்கும் நிச்சயதார்த்தம்.

"நடந்துட்டு வாரான். லீவு நாள்தானே" என்றார் அப்பாத்துரை.

"தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கா? துண்டுக்குள்ள என்னமோ சுருட்டிக்கிட்டுல்லா போவுதான். நெசவுக்குப் பாவு ஓட்டப் படிக்கானோ என்னமோ." அவர் சிரித்தார். "போன வருஷக் கலகத்துக்குப் பொறவு போலீஸ்காரன் கண்ணு காலேஜுப் பையன்மாரு மேலதான் இருக்கு. பாத்துக்கிடும்."

அப்பாத்துரை குடையை ஊன்றி, முதுகு வளையாமல் வீட்டுக்கு நடந்தார். முப்பது வருஷம் கிறிஸ்தவ மிஷனில் மேற்பார்வை உத்தியோகம் பார்த்தவர். கிராமத்து உபதேசியார்கள் நாள்தோறும் செய்ததை எழுதி மாதக் கடைசியில் அனுப்பும் நாளேடுகளைப் பார்வையிட்டு, சிவப்பு மையில் கையொப்பமிடுவது அவர் வேலை. அவர் கையொப்பம் இல்லாமல் ஒரு உபதேசியாருக்கும் சம்பளம் வந்ததில்லை. அந்தக் கையொப்பத்துக்குரியவரின் மகனைப் பற்றிக் கடைத்தெருவில் சிரிக்கிறார்கள்.

கலகக்காரர்களோடு சேர்ந்துவிட்டானா? அல்லது ஒரு பெண்ணா? இரண்டில் எது என்றாலும் ஹெப்சிபாவின் தகப்பனார் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

வீட்டில் மனைவி ஜெபராணி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். "அவனை இறைக்கச் சொன்னா என்ன?" என்றார்.

"லீவுக்கு வந்ததுலருந்து கெணத்துப் பக்கமே வரமாட்டேங்கான். குளிக்கக்கூட வாய்க்காலுக்குத்தான் போவுதான். படிச்ச துரைக்குக் கயிறு பிடிக்கக் கை வலிக்கும்போல."

மறுநாள் காலை பாக்கியசீலன் வாய்க்காலுக்குப் போன சமயம், அப்பாத்துரை அவனுடைய தகரப்பெட்டியைத் திறந்தார். பூகோளப் புத்தகத்துக்கு அடியில் அந்த நோட்டு இருந்தது. பிரித்தவர் திகைத்துப்போனார். பக்கம் முழுவதும் கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தது. தேதி, எழுந்த நேரம், வாசித்தது, நடந்தது, பார்வையிட்டவர் கையொப்பம். அவருடைய உபதேசியார்கள் முப்பது வருஷம் எழுதிய அதே படிவம்.

'ஏழு மணி வரை பாயை விட்டு எழ முடியவில்லை. அம்மாவிடம் தலைவலி என்றேன். வாசித்தது: பூகோளம், ஆறுகளின் பெயர்கள் மட்டும். கிணற்றுப் பக்கம் போகவில்லை.'

அதற்கு எதிரே வேறொரு கையெழுத்து: 'ஆறுகளின் பெயர் போதும். நாளைக்கு மலைகளையும் சேர்த்து வாசி. பார்வையிட்டேன். மீ.மு.'

முன்பக்கம் ஒன்று, லீவுக்கு முந்தி எழுதியது. 'வகுப்பில் பேர் கூப்பிட்டபோது குரல் எழும்பவில்லை. பரீட்சை நாளிலும் இப்படி ஆகுமோ. அய்யாவிடம் சொல்ல முடியாது. கிணற்றுப் பக்கம் போகவில்லை.' கீழே மீ.மு.

நாற்பது நாள். நாற்பது இடத்திலும் கிணறு. நாற்பது இடத்திலும் மீ.மு.

அப்பாத்துரைக்கு முதலில் வந்தது கோபம்தான். பெற்ற தகப்பனிடம் சொல்லாததை எவனிடமோ காட்டிக் கையெழுத்து வாங்குகிறான். அந்த மீ.மு. நாளைக்கு இதை ஹெப்சிபா வீட்டு வாசலில் போய் விரித்தால்? நோட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். மத்தியானத்துக்குப் பின் மேலப்பாளையத்துக்குப் புறப்பட்டார்.

தறிச் சத்தத்துக்கு நடுவே, காலேஜில் படிக்கும் பையன் வீடு எது என்று விசாரித்துக் கண்டுபிடித்தார். மீரா முகைதீன், பாக்கியசீலனோடு எப்.ஏ. வகுப்பில் படிக்கிறவன், வாசலுக்கு வந்தான். ஒல்லியான பையன். பாவு நூலுக்குப் போடும் கஞ்சி முழங்கை வரை காய்ந்திருந்தது.

"நான் பாக்கியசீலன் தகப்பன்."

"வாங்கய்யா. வாப்பா வெளியூர் போயிருக்காக. உள்ள வாங்க."

"இங்கனயே பேசிக்கிடலாம்." நோட்டை எடுத்துக் காட்டினார். "இதுக்கு என்ன அர்த்தம் தம்பி?"

அவன் முகம் மாறியது. "அவன் குடுத்து விட்டானா?"

"நான் எடுத்தேன்."

"அப்பம் அதை அவன் தேடுவான்யா." குரலில் மரியாதை இருந்தது. பணிவு இல்லை. "போன வருஷம் உம்மா மௌத்தாகி அடக்கம் பண்ணின பொறவு எனக்குப் பரீட்சையில பேனா பிடிக்க முடியலை, கை ஆடிச்சு. அவனுக்கு ராவெல்லாம் தூக்கமில்லை. அவன்தான் இந்த வழியைக் கண்டுபிடிச்சான். எங்க அய்யா வேலையில இப்படி ஒரு ஏடு உண்டுன்னான். நான் எழுதுதது அவன் பாப்பான், அவன் எழுதுதது நான் பாப்பேன். நாளைக்கு ஒருத்தன் பாப்பான்னு இருந்தா, நாளைக்கும் எழுதணும்லா."

அவன் உள்ளே போய்த் தன் நோட்டைக் கொண்டுவந்து பிரித்தான். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே பாக்கியசீலனின் கையொப்பம் இருந்தது.

"சிநேகிதன் பாத்தாப் போதுமா? வீட்டுல பெரிய மனுஷன் இல்லையா?"

மீரா முகைதீன் தன் நோட்டை மூடினான். "அவன் சின்னையா எழுதின ஏட்டையும் எதிர்க்க உங்க கையெழுத்தையும் அவன் பாத்திருக்கான்யா. உங்க பழைய பெட்டியில."

அப்பாத்துரையின் தம்பி நேசையா சாத்தான்குளம் பக்கத்தில் உபதேசியாராக இருந்தவன். கண்டிச் சீமைக்கு ஊழியத்துக்குப் போனவன், அங்கேயே காலமானான் என்று ஊருக்குச் சொல்லியிருந்தது. மூன்று வருஷம் பின்கட்டு அறையில் பூட்டிவைத்ததும், அவன் அங்கேயே செத்ததும் வீட்டுக்கு மட்டும் தெரியும். புத்தி பிசகுவதற்கு முந்தின மாதம் அவன் அனுப்பிய ஏட்டில் இருந்தது: 'பதினோரு நாளாக உறக்கம் இல்லை. அண்ணன் ஒருதரம் வந்து பார்த்தால் நல்லது.' அதற்கு எதிரே சிவப்பு மையில் மேற்பார்வையாளர் எழுதினார்: 'எழுத்துச் சாய்கிறது. கவனிக்க. பார்வையிட்டேன்.'

"யாருகிட்டல்லாம் சொன்னே?"

"யாருகிட்டயும் இல்லை. நீங்க என்னை நம்பவேண்டாம்யா. அஞ்சு மணிக்குள்ள நோட்டை அவன் பெட்டியில வச்சிருங்க, அது போதும்."

திரும்பும் வழியில் வாய்க்கால் பாலத்தில் நின்றார். கீழே தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. நோட்டை இங்கே விட்டுவிட்டால் ஒரு சாட்சியமும் இருக்காது. நிச்சயதார்த்தம் நடக்கும். பேரும் நிலைக்கும். அந்த நெசவுக்காரப் பையன் மட்டும் பாக்கி. அவன் வாயை எப்படி அடைப்பது? நோட்டைக் கையிலெடுத்தார். பிரித்துப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி போட்டுக் கட்டங்கள் காலியாக இருந்தன. அதைக் கோட்டுக்குள் திரும்ப வைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

வீட்டில் தகரப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. துணிகள் தரையெங்கும் இறைந்திருந்தன.

"என்னத்தையோ தொலைச்சுட்டானாம், வீட்டையே புரட்டிப்போட்டுட்டான்" என்றாள் ஜெபராணி. "இப்பம்தான் பின்னால போனான். இத்தனை நாளைக்குப் பொறவு கெணத்துக்கு."

அப்பாத்துரை ஓடிப் பழக்கமில்லாதவர். ஓடினார்.

பாக்கியசீலன் கிணற்றுச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றான். வாளி தரையில் இருந்தது.

"ஏலே."

அவன் திரும்பினான். அப்பாத்துரை நோட்டை நீட்டினார். மூச்சு வாங்கியது. அவன் அதை வாங்கிக்கொண்டான். அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்தியளா?"

"வாசிச்சேன்" என்றார். "பழைய ஏடுகளை நான் வாசிச்சதில்லை. கட்டம் நிரம்பியிருக்கான்னு பாப்பேன், கையெழுத்தைப் போடுவேன். நேசையா எழுதினதையும் அப்படித்தான் பாத்தேன்." விரலால் நோட்டைக் காட்டினார்: "இன்னிக்கு உள்ளதை இன்னும் எழுதலையே நீ. மணி அஞ்சாகப் போவுது."

பாக்கியசீலன் வராந்தாவில் உட்கார்ந்து எழுதினான். நெடுநேரம் எழுதினான். என்ன எழுதினான் என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு நோட்டைத் துண்டில் சுருட்டிக்கொண்டு புறப்பட்டான். அப்பாத்துரையும் குடையை எடுத்துக்கொண்டு இருபது அடி பின்னால் நடந்தார். அந்தப் பையன் மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. வழியில் உள்ள கிணறுகள் மேலும்தான்.

கடைத்தெரு முனையில் காந்திமதிநாதன் நின்றார். "என்ன வே, இன்னிக்கு நீருமா மேலப்பாளையம்?"

"ஆமா."

"அப்படி என்னதான் சோலி?"

மகன் தூரத்தில் போய்க்கொண்டிருந்தான். அப்பாத்துரை நிமிர்ந்து நின்றார்.

"எம் மவனுக்கு மனசு சுகமில்லை. ஒரு சிநேகிதன் உதவியாட்டு இருக்கான். பொண்ணு வீட்டுலயும் நீரே சொல்லிரும். நான் நாளைக்கு நேர்ல வாரேன்."

காந்திமதிநாதனுக்குச் சிரிக்க வரவில்லை. அப்பாத்துரை அங்கே நிற்கவும் இல்லை. துண்டுச் சுருளோடு போகிற முதுகு கண்ணுக்கு மறைந்துவிடாமல் எட்டி நடந்தார்.