மெமரி போதாத மெஷின்

உத்திரமேரூரில் சாலவாக்கம் ரோட்டில் இருந்த சடையப்பன் ரைஸ் மில்லின் கம்ப்யூட்டர், தனக்கு மெமரி போதாததால், பற்றாக்குறையான இடத்தை எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தலையிலிருந்து எடுத்துக்கொண்டு வேலை செய்தது. ஸ்விட்சை அணைத்தால் எடுத்ததைத் திருப்பி வைத்துவிடும். மெட்ராசில் யாரோ கழித்துக்கட்டிய மெஷின் அது. சடையப்பன் 1985இல் அதை ஏலத்தில் எடுத்து, வைக்கோல் பரப்பிய லாரியில் ஏற்றி, வாலாஜாபாத் வழியாகக் கொண்டுவந்தார். பழைய சாமான் என்றால் குறை இருக்கத்தான் செய்யும் என்று ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆளின் தலையில் எது அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதோ அதைத்தான் மெஷின் முதலில் தூக்கும். முதலில் உட்கார்ந்த கணக்குப்பிள்ளை சேட்டுவின் தலையில் இருந்தது அண்ணனோடு போட்ட வரப்புத் தகராறு. பல வருஷமாக முகம் பார்க்காத அண்ணன் நெல் கொண்டுவந்தபோது, "இன்னாண்ணா, இப்டி எளைச்சிட்டே" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து யாரோ மெஷினை அணைத்துவிட, பாதி டீயில் வரப்பு ஞாபகத்துக்கு வந்து கிளாஸ் பறந்தது. இந்தப் பேஜாரே வேண்டாம் என்று சேட்டு ஒதுங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்த சுலோச்சனாவை வேலைக்கு வைத்தார்கள்.

சுலோச்சனாவின் புருஷன் வேதகிரி, ஏரி மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிறவன். அவர்களுக்கு ஒரே மகள், அம்முலு. இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். சுலோச்சனாவின் தலையில் வேறெதற்கும் இடம் இருக்கவில்லை என்பதால் மெஷின் தேடி அலையவே இல்லை, அம்முலுவை அப்படியே எடுத்துக்கொண்டது. காலையில் ஸ்விட்சைப் போட்டதும் சுலோச்சனா கல்யாணத்துக்கு முந்தைய பெண்போல ஆகிவிடுவாள். லாரிக்காரர்களைக் கிண்டல் செய்வாள், பசித்துச் சாப்பிடுவாள். சாயங்காலம் அணைத்ததும் பிள்ளை திரும்பி வரும். மேஜையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பாள். மில்லுக்கு லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அறவே பிடிக்காமல் போயிற்று.

எண்பத்தேழு சம்பா அறுவடையில் நெல் மலையாகக் குவிந்தது. மெஷின் எருமை அசைபோடுவதுபோல ஒவ்வொரு எடைச் சீட்டுக்கும் யோசித்தது. மெட்ராசிலிருந்து வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மெமரி ஏற்றினால் வேகமாக ஓடும், அப்புறம் யார் தலையிலும் கைவைக்காது என்றார். மெமரியைக் கையோடு கொண்டும் வந்திருந்தார். செலவு என்றாலே பின்வாங்கும் சடையப்பன், முடிவை மெஷினை ஓட்டுகிறவள் தலையில் போட்டார்.

"நீயே சொல்லும்மா. வோணும்னா போட்டுக்கலாம், வாணாம்னா வுட்டுரலாம்."

சுலோச்சனா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல வேதகிரி சோறு கொண்டுவந்தான். தூக்குச் சட்டியில் கொஞ்சம் பாயசமும் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எதற்குப் பாயசம் என்று அவள் கேட்டாள்.

"இன்னிக்கி அம்முலு பொறந்த நாளு" என்றான். அன்றைக்கு அவனால் மறைக்க முடியவில்லை.

"எந்த அம்முலு?" என்று கேட்டுவிட்டு, அவள் இன்னொரு வாய் பாயசம் குடித்தாள். அவன் சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் ஸ்விட்சை அணைத்ததும், பிள்ளையோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் அவளிடம் வந்தது. இவ்வளவு நாளும் அவன் மத்தியானத்துக்கு மத்தியானம் தன்னந்தனியாகப் பிள்ளையைச் சுமந்துகொண்டு தன் எதிரில் உட்கார்ந்து சிரித்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்:

"மெமரி போட சொல்லிடறேன். நீ ஒருத்தனே எம்மா நாளு தூக்குவே."

வேதகிரி காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தேய்த்துக் கழுவினான். "சொல்லு. அதுக்கு முன்னாடி நான் ஒரே ஒரு தபா அதாண்ட ஒக்காந்து பாக்கறேன்" என்றான்.

அவளுக்கு அது தோன்றவே இல்லை. ஊரில் வேறு யாருக்கும்கூடத் தோன்றவில்லை. மறுநாள் அவள் பக்கத்தில் நின்று எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்ட, மண்வெட்டி பிடித்த விரலால் அவன் ஒவ்வொன்றாக அமுக்கினான். கொஞ்ச நேரத்தில் அவன் தோள் இறங்கியது. ஏதோ மெட்டை முணுமுணுத்தான். பசிக்கிறது என்றான், சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். எதிரே உட்கார்ந்து அம்முலுவை அவள் ஒருத்தியே நினைத்துக்கொண்டிருந்தாள். வலித்தது. ஆனாலும் அவன் இப்படிச் சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் மெஷினை அணைத்து, அவன் முகம் பழையபடி ஆனதும், இருவரும் நெல் களத்தின் ஓரமாக நடந்தார்கள். "மெமரி வாணாம்" என்றான் வேதகிரி. "மேக்கால மடையும் கெய்க்கால மடையும் ஒண்ணா தொறந்தா ஏரி காலி. ஒண்ணு ஓடறப்போ ஒண்ண மூடி வெக்கணும். ஒரு நாளு நீ ஒக்காரு, ஒரு நாளு நான் ஒக்காரறேன். புள்ளையாண்ட யாரனா ஒருத்தர் இருந்தா போதும்."

மெக்கானிக் கொண்டுவந்த மெமரியை அப்படியே மெட்ராசுக்கு எடுத்துப் போனார். ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள் என்றதும் சடையப்பன் உடனே தலையாட்டிவிட்டார். வேதகிரி உட்காரும் நாட்களில் மதகு சுலோச்சனா கையில் இருந்தது, தண்ணீர் கடைமடைவரை சரியாகவே போயிற்று. திடீரென்று கரண்ட் போனால் மட்டும் மெஷின் எடுத்ததை முழுசாகத் திருப்பித் தராது. ஒருமுறை அவளுக்குப் பிள்ளையின் குரல் வரவில்லை, இன்னொரு முறை அவனுக்கு எந்தக் கன்னத்தில் குழி விழும் என்பது வரவில்லை. வைத்திருந்தவர் இழந்தவருக்குச் சொல்லிக் கொடுத்து நிரப்பிக்கொண்டார்கள். மற்ற மில்களுக்குப் புது மெஷின்கள் வந்த பிறகும் சடையப்பன் மில்லில் லாரிகள் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தன. புதிதாக வந்த டிரைவர்கள் முணுமுணுத்தால், பழைய டிரைவர்கள் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, இன்றைக்கு மெஷினில் உட்கார்ந்திருப்பது அம்முலுவின் அப்பாவா அம்மாவா என்று விசாரிப்பார்கள். அப்பா என்றால், அம்முலுவைப் பற்றிப் பேச நினைத்தவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மதகடியில் இருக்கும் அம்மாவைத் தேடி ஏரிக்கரைக்கு நடந்து போவார்கள்.