இழுபட்ட பட்டை

சித்தூருக்கு வெளியே இருந்த மாம்பழக் கூழ் ஆலையில் இறங்கியதும் கோவர்த்தனன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கழுவியும் போகாத கூழ் தரையில் புளித்துக் கிடந்தது. அதன்மேல் ஈ மொய்த்தது. பாரம் தூக்கும் பட்டை அறுந்து, கூழ்ப் பீப்பாய் அங்கே வேலை பார்த்த வேதாச்சலத்தின் காலில் விழுந்தது அந்த இடத்தில்தான். ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பட்டையின் பாலியஸ்டர் நூல் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு அருகே கோவர்த்தனன் மேலாளராக இருந்த ஆலையில் தயாரானது. நூலைச் சோதிக்கும் பிரிவின் பொறியாளர் சிவசங்கரியையும் அவர் கூட்டி வந்திருந்தார். நகரி ஊரின் விசைத்தறிக் குடும்பத்துப் பெண். படித்து முடித்ததும் அந்த வேலைக்கு வந்தவள்.

"வெயில்ல போட்டு வச்சதால அறுந்துச்சுன்னு சொல்லிடு. அவ்ளோதான்," என்று அவளிடம் காரிலேயே சொல்லியிருந்தார்.

கூழ் ஆலை முதலாளி கங்கையா அறுந்த பட்டையைக் கொண்டுவந்து போட்டார். மாம்பழம் வெட்டும் இடத்திலிருந்து வேதாச்சலத்தின் மனைவி பச்சையம்மாள் வந்து நின்றாள்.

"அறுந்தது அப்புறந்தாம்மா. மொதல்ல ஜவ்வு மாதிரி இழுத்துக்கினே வந்துச்சு. எங்க வூட்டுக்காரரு கீழ இருந்தவங்கள தள்ளிட்டு, தான் மாட்டிக்கினாரு."

சிவசங்கரி பட்டையின் நுனியைத் தொட்டாள். மெலிந்து, நீண்டு, கூழ் பிசுபிசுத்தது. அந்த நூல் எதுவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பாலியஸ்டர் குருணையை நன்றாக உலர்த்திவிட்டுத்தான் உருக்க வேண்டும். ஈரம் இருந்தால் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் உருகும்போதே துண்டாகிப்போகும். நுண்துளைகள் வழியே இறங்கும் பாகு காற்றில் குளிர்ந்து இழையாகும். அதைச் சூடான உருளைகளில் பல மடங்கு இழுத்தால்தான் சங்கிலிகள் நீளவாக்கில் வரிசைப்பட்டு, பாரம் தாங்கும் பலம் வரும். கோடையில் உலர்த்தும் இயந்திரம் பழுதானபோது கோவர்த்தனன் ஆலையை நிறுத்தவில்லை. இழை அறுந்துகொண்டே இருந்ததால் இழுப்பையும் குறைக்கச் சொன்னார். பளபளவென்று நூல் வந்தது. பாரத்துக்கு ஆகாது என்று சிவசங்கரி அதை ஒதுக்கினாள். பை தைக்க விற்றுவிடுவதாகக் கோவர்த்தனன் சொன்னார்.

இப்போது அவர் ஈக்களுக்கு நடுவே நின்று, கங்கையா கொடுத்த மாம்பழச் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தார். மீசையில் ஒட்டியதை நக்கினார்.

"சூப்பர்ங்க. இன்னொரு டம்ளர் கிடைக்குமா?"

சிவசங்கரி அவரை விட்டுக் கங்கையாவின் பக்கம் திரும்பினாள்.

"வெயில்ல கெட்டுப்போன பட்டை மொறமொறன்னு ஆகி அறும். இது இழுபட்டிருக்கு. நூலே சரியில்ல. நான் வேணாம்னு ஒதுக்கின நூல் இது," என்றாள் கங்கையாவிடம். "இதே பட்டையில தூக்கியிருக்கறதெல்லாம் இறக்கச் சொல்லுங்க."

"உத்யோகம் வத்தா?" வேலை வேண்டாமா என்று கோவர்த்தனன் தெலுங்கில் பல்லைக் கடித்தார்.

"ச்சீ," என்றாள். வேறு வார்த்தை வரவில்லை.

கங்கையா கத்திக்கொண்டு ஓடினார். தொங்கிய பீப்பாய்களை இறக்கிப் பார்த்ததில் இன்னொரு பட்டையும் இழுபட்டிருந்தது.

கோவர்த்தனனின் காரில் சிவசங்கரி ஏறவில்லை. பச்சையம்மாளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நூலே சரியில்லை என்று பச்சையம்மாள் சொன்னதும் வேதாச்சலம் கண் விழித்துக் கேட்டார்: "யாரு பண்ண நூலும்மா அது?"

"எங்க ஆலைதாண்ணா."

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தொழிற்சாலை ஆய்வாளரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த நூலில் நெய்த பட்டைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவளுடைய வேலை போனது. கோவர்த்தனனை வேறு ஆலைக்குப் பெரிய பதவியில் அனுப்பினார்கள் என்பதைத் திருப்பதியில் புது வேலை தேடிக்கொண்டிருந்தபோது கேள்விப்பட்டாள். அன்று அவளால் சோறு தின்ன முடியவில்லை.