ஆறு கிழமைக்கு முன்னமே

பிளாக்ஹவுஸ் பே என்கிற ஊரில் சோதிலிங்கத்தைத் தெரியாத தமிழர் குறைவு; அவர் மனைவி ரதிதேவியைத் தெரியாதவர் அதைவிடக் குறைவு. எல்லாம் படக்கதையால் வந்த வினை. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கப் பத்திரிகைகளில் நாலு கட்டம் வரைந்தே சீவித்தவர்கள்தான் சோதிலிங்கத்துக்குக் குலதெய்வம். அவர்களைப் பார்த்து அவரும் பதினொரு வருடமாக வெள்ளிதோறும் வரும் தமிழ்ப் பத்திரிகைக்குக் கிழமைக்கொரு படக்கதை வரைந்தார். மூன்று கட்டம் கதைநாயகன் சின்னத்தம்பியர் கூத்தடிப்பார். நாலாவதில் பெண்சாதி அகப்பையோடு வந்து ஏசுவாள். அவளுக்கு அப்படியே ரதிதேவியின் மூக்கு, ரதிதேவியின் கொண்டை. கோயிலுக்குப் போனாலும் சனங்கள் அகப்பை எங்கே என்று கேட்டார்கள்.

பெப்ரவரியில் ஒருநாள் அவள் வெடித்துவிட்டாள்.

"நாலு சனத்துக்கு முன்னால என்னைச் சிரிப்பாக்கினது காணும். என்னை அதிலயிருந்து எடுத்துவிடுங்கோ."

மனுஷன் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வெள்ளியும் அவள் படத்தில் ஏசினாள். அதற்கடுத்த வெள்ளியும் ஏசினாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளோடு இனி என்ன கதை என்று ரதிதேவி பேச்சை நிறுத்தினாள். அவரும் வாய் திறந்து விளக்கம் சொல்லவில்லை. வீம்பில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

ஆறாம் கிழமை, வரைகிற மேசையிலேயே மாரடைப்பில் சோதிலிங்கம் போய்விட்டார்.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பத்திரிகை வந்தது. அதில் அவர் படக்கதையும் இருந்தது. நாலு கட்டத்திலும் சின்னத்தம்பியர் மட்டும், இரண்டு கதிரை போட்ட மேசையில் தனியே. ஒரு வார்த்தை இல்லை.

இதை யார் வரைந்தது என்று பத்திரிகை ஆசிரியர் நிமலனைப் போனில் கூப்பிட்டு ரதிதேவி கேட்டாள்.

"அண்ணைதான் அக்கா. காய்ச்சல் வந்தாலும் கதை நிக்கக்கூடாதெண்டு அந்தக் காலத்து அமெரிக்கக்காரர் மாதிரி ஆறு கிழமைக்கு முன்னமே தந்திடுவார். நீங்கள் ஏசினதெண்டு சொல்லி அண்டைக்கே இதை வரைஞ்சு தந்தவர், கீழை திகதி இருக்கு. இடையில வந்ததெல்லாம் அதுக்கு முன்னம் தந்தது. இன்னும் அஞ்சு கிடக்கு. ஒண்டிலயும் நீங்கள் இல்லை."

சொன்ன அன்றைக்கே கேட்டிருக்கிறார். ஆறு கிழமை முகம் பாராமல் இருந்தது தான்தான் என்று நினைக்க ரதிதேவிக்கு நெஞ்சு வெந்தது. அழுது முடியுமட்டும் நிமலன் போனை வைக்கவில்லை.

"பழைய படம் ஒண்டைப் போடுங்கோ தம்பி," என்றாள். "நான் ஏசுற படம்."

எந்தப் படம் என்று அவன் கேட்டான்.

"எதெண்டாலும் பரவாயில்லை. அந்த மனுசன் தனிய இருக்க வேண்டாம்."